மூத்தோர் உடற்பயிற்சிக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை 2024

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

2024இல் நம் குழு வழக்கம்போலச் செவ்வாய், வெள்ளி காலைகளில் சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்தில் நம் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடியது. சீனப் புத்தாண்டு வாரத்திலும் தீபாவளி வாரத்திலும் மட்டும் விடுமுறை விட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டு முழுவதும் என் காதில் அதிகம் விழுந்த பேச்சு இதுதான்: "நான்தான் தினமும் நடக்கிறேனே, எனக்கு எதற்கு இது?" நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மிக நல்லது, அதை யாரும் விட வேண்டாம். ஆனால் விழாமல் இருப்பதற்கு அது மட்டும் போதாது. கண், உட்காது, பாதத்தின் உணர்வு, கால் தசை இந்த நான்கும் சேர்ந்துதான் நம்மை நிமிர்த்தி வைக்கின்றன. வயதாக ஆக நான்குமே மெதுவாகின்றன. தடுமாறினால் சமாளிக்கும் வேகத்தைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். சமநிலையையும் அன்றாட அசைவுகளையும் பழக்கும் பயிற்சிகள் விழுவதை ஏறத்தாழ கால் பங்கு குறைக்கின்றன என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. வெறும் நடைப்பயிற்சி அப்படிக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று அதில் இல்லை.

அதனால்தான் நம் வகுப்பில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்கிறோம், குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டி வைத்து நடக்கிறோம், சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். பார்ப்பதற்குச் சின்ன வேலைதான். சென்ற ஆண்டு குளியலறையில் விழுந்த ஓர் அம்மா, எலும்பு முறியாவிட்டாலும், பயத்தில் வீட்டை விட்டே இறங்காமல் இருந்தார். பயந்து உட்கார்ந்தால் கால் இன்னும் தளரும், தளர்ந்தால் மறுபடி விழ வாய்ப்பு கூடும். மகளின் கையைப் பிடித்து வகுப்புக்கு வந்தவர், இப்போது தேக்கா சந்தைக்குத் தனியாகப் போய் மீன் வாங்கி வருகிறார். இந்த ஆண்டில் எனக்கு ஆக நிறைவு தந்தது அதுதான்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில், மூத்தோருக்கான 'ஈஸ்' திட்டத்தின்கீழ்க் குளியலறைக் கைப்பிடிகளும் வழுக்காத தரைப்பூச்சும் மானிய விலையில் கிடைக்கின்றன. விண்ணப்பிக்கச் செயற்குழு சில உறுப்பினர்களுக்கு உதவியது. சாலையைக் கடக்கும்போது மூத்தோர் சலுகை அட்டையை விளக்குக் கம்பத்தில் உள்ள கருவியில் வைத்தால், நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரியும் வசதி 2009 முதல் பல இடங்களில் உள்ளது. கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள். ஓடிக் கடக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலை, தசைவலுப் பயிற்சிகள் செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. நாம் செய்வது இரண்டு நாள். எனவே ஞாயிறு காலையையும் சேர்க்கச் செயற்குழு முன்மொழிகிறது. அதற்கு, கால் தளர்ந்தவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளத் தொண்டூழியர்கள் வேண்டும். முன்வருபவர்கள் இன்று கூட்டம் முடிவதற்குள் என்னிடம் பெயர் கொடுங்கள். பேரப்பிள்ளைகள் வந்தாலும் மகிழ்ச்சியே.

செயலாளர்