வாசகர் மன்றம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை மன்றத்தில் நடந்தவற்றை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு பெரும்பாலும் மாதம் ஒரு முறை கூடியது. குறைந்தபட்ச எண்ணிக்கை (கோரம்) சேராமல் தள்ளிப்போன கூட்டங்களும் உண்டு. செப்டம்பரில் பாரதி நினைவு நாள் கூட்டம் நடந்தது. கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கான கதை சொல்லும் நிகழ்ச்சி வழக்கம்போல் நடந்தது. சென்னைப் புத்தகக் காட்சிக்கு வேன் வைத்துப் போய் வந்தோம். பொங்கலை ஒட்டிய வினாடி வினாவில் மாணவர்கள் கலந்துகொண்டார்கள். மறைந்த மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி செலுத்தினோம்.

இந்த ஆண்டின் முக்கிய வேலை ‘ஒரு மாதம்’ திட்டம். சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து, விவாதத்துக்குப் பிறகு ஏற்கப்பட்டது. செயலாளர் தனக்குப் பிடித்ததை மன்றத்தின் தலையில் கட்டிவிட்டார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வது, அந்த மாதத்தில் உலகெங்கும் நடந்தவற்றை நாள்வாரியாக ஒரே அட்டவணையில் எழுதுவது, இதுதான் திட்டம். நாங்கள் எடுத்துக்கொண்டது 1914 செப்டம்பர். சார்ட் பேப்பர்களை நீளவாக்கில் ஒட்டி 30 கட்டங்கள் போட்டோம். மேலிருந்து கீழாக ஐரோப்பா, கடல், கிழக்காசியாவும் பசிபிக்கும், இந்தியா, மற்றவை என்று வரிசைகள். இரண்டு நூல்களில் ஒத்துப்போகும் தேதி மட்டுமே கட்டத்துக்குள் போகலாம் என்பது விதி.

முதல் உலகப் போரில் சென்னை மீது எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் குண்டு போட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும். தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் இருக்கும் நினைவுக் கல்வெட்டையும் பலர் பார்த்திருப்பீர்கள். பிறகு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்று கேட்டார்கள். அந்தக் கதையை நாம் சென்னைக் கதையாக மட்டுமே தெரிந்து வைத்திருக்கிறோம், அதனால்தான்.

செப்டம்பர் 22-ஆம் தேதிக் கட்டத்தைப் பாருங்கள். அன்று அதிகாலை, ஹாலந்துக் கடற்கரைக்கு அப்பால் வட கடலில், யு-9 என்ற ஒரே ஒரு ஜெர்மானிய நீர்மூழ்கி, அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற மூன்று பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றரை மணி நேரத்துக்குள் மூழ்கடித்தது. 1,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடற்படைக் கல்லூரியிலிருந்து நேராகக் கப்பலேறிய சிறுவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதே நாள் இரவு 9.30 மணியளவில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது சுட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள். தொட்டிகள் பற்றி எரிந்தன, துறைமுகத்தில் நின்ற கப்பலும் அடிபட்டது, உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டவர்களால் அதைத் தொட முடியவில்லை. நகரத்து மக்கள் மூட்டை முடிச்சோடு ரயில் நிலையங்களுக்கு ஓடினார்கள்.

பசிபிக் வரிசைக்கு வாருங்கள். அதே 22-ஆம் தேதி காலை, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தாஹிதித் தீவின் பப்பீட்டே நகரத்தை ஷார்ன்ஹோர்ஸ்ட், க்னைசெனாவ் என்ற இரண்டு ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் குண்டு வீசித் தாக்கின. அங்கே காலை என்றால் நமக்கு இரவு. இரண்டு ஊர்க் கடிகாரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால், சென்னையில் தீ எரிந்துகொண்டிருந்தபோதே பப்பீட்டேயில் குண்டு விழத் தொடங்கிவிட்டது. வட கடல், வங்காள விரிகுடா, பசிபிக் மூன்றிலும் அரை நாளுக்குள் இவ்வளவும் நடந்து முடிந்தன.

இது தற்செயலான ஒற்றுமை என்று விட்டுவிட முடியாது. சென்னையையும் பப்பீட்டேயையும் தாக்கியவை ஒரே படைப்பிரிவைச் சேர்ந்த கப்பல்கள். அட்மிரல் ஷ்பேயின் கிழக்காசியப் படைப்பிரிவுக்குச் சீனக் கடற்கரையில் இருந்த சிங்டாவ் துறைமுகம்தான் தாய்வீடு. ஆகஸ்டில் ஜப்பான் போரில் இறங்கியதும் அந்த வீடு கைவிட்டுப் போகும் நிலை வந்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி ஜப்பானியப் படைகள் சிங்டாவ் இருக்கும் சாண்டோங் மாகாணத்தின் கரையில் இறங்கின. அதற்கு முன்பே மரியானா தீவுகளில் இருந்த பாகன் தீவில் படைப்பிரிவு பிரிந்துவிட்டது. எம்டன் மட்டும் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் மேற்கே இந்தியப் பெருங்கடலுக்கு வந்தது. மற்றவை கிழக்கே பசிபிக்கைக் கடந்தன. இரண்டு தரப்புக்கும் இருந்த பெரிய கவலை நிலக்கரி. பப்பீட்டேயில் பிரெஞ்சுக்காரர்கள் நிலக்கரிக் குவியலைத் தாங்களே கொளுத்தினார்கள், எதிரி கையில் கிடைக்கக் கூடாது என்று. எம்டன் செப்டம்பர் 10 முதல் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்து, நிலக்கரியை எடுத்துக்கொண்டு, பிடித்தவற்றில் பலவற்றை மூழ்கடித்தது. போலியாக நான்காவது புகைபோக்கி ஒன்றை வைத்துப் பிரிட்டிஷ் கப்பல்போல வேடம் போட்டதும் அந்தச் சமயத்தில்தான். சிங்டாவில் நடந்த முற்றுகையும் சென்னையில் எரிந்த எண்ணெய்யும் ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பது 30 கட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் எங்களுக்கே புலப்பட்டது. பள்ளிப் புத்தகம் நாட்டுவாரியாகப் பிரித்துச் சொல்வதில் இது கிடைக்காது.

ஐரோப்பா வரிசை நிறைந்து வழிகிறது. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மார்ன் ஆற்றங்கரையில் பாரிஸை நோக்கி வந்த ஜெர்மானியப் படை தடுத்து நிறுத்தப்பட்டது, சுமார் 600 பாரிஸ் டாக்சிகள் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை ஏற்றிப் போனது, 14-ஆம் தேதி ஜெர்மானியத் தலைமைத் தளபதி மோல்ட்கே நீக்கப்பட்டு ஃபால்கென்ஹைன் வந்தது, 19-ஆம் தேதி ரீம்ஸ் பேராலயம் தீப்பிடித்தது எல்லாம் அதில் இருக்கின்றன. மாதத்தின் பிற்பாதியில் பிரான்சின் ‘ஏன்’ (Aisne) என்ற ஆற்றின் கரையில் இரு தரப்பும் பதுங்கு குழி தோண்டத் தொடங்கின. அடுத்த நான்கு ஆண்டுகள் அந்தக் குழிகளுக்குள்தான் கழிந்தன.

செப்டம்பர் 3 கட்டத்தில் பதினைந்தாம் பெனடிக்ட் போப்பாகத் தேர்வான செய்தி இருக்கிறது. ஒருவரோடு ஒருவர் போரிடும் நாடுகளின் கார்டினல்கள் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பெட்ரோகிராடு ஆன செய்தியில் ஒரு சிக்கல் வந்தது. ரஷ்யாவில் அப்போது பழைய நாட்காட்டி. நமக்கு 13 நாள் பின்தங்கியது. ஜாரின் ஆணை அவர்கள் கணக்கில் ஆகஸ்ட் 18, நம் கணக்கில் ஆகஸ்ட் 31. நூல்கள் பல செப்டம்பர் 1 என்கின்றன. இதை வைத்து ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. கடைசியில் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில் எழுதினோம்.

செப்டம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சி சாலையில் மார்த்தா என்ற பயணிப் புறா இறந்தது. அந்த இனத்தின் கடைசிப் பறவை அது. ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் வானத்தை மறைத்துப் பறந்த இனம். உலகப் போர் அட்டவணையில் புறாவுக்கு என்ன வேலை என்று செயற்குழுவில் கேட்டார்கள். நாம் எழுதுவது போரின் அட்டவணை இல்லை, மாதத்தின் அட்டவணை. அது இருந்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன், இப்போதும் அதே கருத்துதான். பார்க்க வந்த பிள்ளைகள் அதிக நேரம் நின்றதும் அந்தக் கட்டத்துக்கு முன்னால்தான்.

எம்டன் கப்பலில் விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்பதை எழுத வேண்டும் என்று ஒரு மூத்த உறுப்பினர் வலியுறுத்தினார். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனாலும் இரண்டு நூல் விதியை எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் பின்பற்ற முடியும். செண்பகராமன் அந்தச் சமயத்தில் சுவிட்சர்லாந்தில் இருந்தார். கப்பலில் இருந்ததற்கு நம்பத்தக்க ஆவணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் எழுதவில்லை. அவருடைய தேசப்பற்றுக்கு இதனால் ஒரு குறைவும் வராது. அந்த உறுப்பினர் அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு வருவதில்லை. அவர் திரும்பி வர வேண்டும் என்று இந்த அவையில் வைத்தே கேட்டுக்கொள்கிறேன்.

இந்தியா வரிசையின் கடைசி வாரத்தை உறுப்பினர்கள் எல்லோரும் ஒரு முறையாவது நின்று படிக்க வேண்டும். செப்டம்பர் 26-ஆம் தேதி இந்திய ராணுவத்தின் லாகூர் டிவிஷன் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. பிரிட்டனுக்காகப் போரிட வந்தவர்கள். அவர்களில் சீக்கியர்களும் இருந்தார்கள். மூன்றே நாள் கழித்து, 29-ஆம் தேதி, கல்கத்தாவுக்கு அருகில் பட்ஜ் பட்ஜில் கோமகதா மாரு கப்பல் பயணிகள் மீது துப்பாக்கிச் சூடு. வான்கூவரில் இறங்க அனுமதி மறுக்கப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள், பெரும்பாலும் சீக்கியர்கள். சுமார் 20 பேர் கொல்லப்பட்டார்கள். ஒரே அரசு, ஒரே வாரம். தனித்தனியாகப் படித்தபோது இரண்டும் எனக்குத் தெரிந்த செய்திகள்தான். பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நூலக வார விழாவின்போது அட்டவணையை மாடி அறையில் காட்சிக்கு வைத்தோம். இரண்டு பள்ளிகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். வகுப்பில் வைக்க நகல் வேண்டும் என்று ஓர் ஆசிரியை கேட்டார். சார்ட் பேப்பர் மழைக்கால ஈரத்தில் ஓரம் சுருண்டுவிட்டது. ஃபிளெக்ஸில் அச்சடிக்கலாம் என்று நான் கேட்டதற்குச் செயற்குழு செலவைக் காரணம் காட்டி மறுத்துவிட்டது. அந்த முடிவுக்குக் கட்டுப்படுகிறேன், ஆனால் உடன்படவில்லை.

இனி வருத்தமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர்கூடத் தொடர்ந்து வரவில்லை. பசிபிக் வரிசைக்குப் பொறுப்பேற்றவர்கள் யாருமே வராததால் அதை நானே செய்ய வேண்டியதாயிற்று. நியூகினிப் பகுதியில் உள்ள ரபவுலுக்கு அருகில் 14-ஆம் தேதி 35 பேரோடு காணாமல் போன ஏஇ1 என்ற ஆஸ்திரேலிய நீர்மூழ்கி 2017-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தியை எழுதி வாட்ஸ்ஆப் குழுவில் போட்டேன். ‘அருமை’, ‘சிறப்பு’ என்று நிறையப் பதில்கள் வந்தன. அந்த வார ஞாயிறு மாலை அறையில் என்னோடு இருந்தவர்கள் துணைச் செயலாளரும் ஒரு கல்லூரி மாணவியும் மட்டுமே. குழுவில் பாராட்டுவது மகிழ்ச்சிதான். ஆனால் மன்றம் நடப்பது அறையில். முதுமை, உடல்நலம், வெளியூர் வேலை என்று வர முடியாதவர்களை நான் சொல்லவில்லை. உள்ளூரில் இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதா என்றுதான் கேட்கிறேன்.

சந்தா நிலையும் இதேதான். இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். நினைவூட்டல் அனுப்பினால், செய்தியைப் படித்ததற்கு அடையாளம் தெரிகிறது, பதில் வருவதில்லை. நேரில் கேட்டால் ‘அடுத்த மாசம்’ என்கிறார்கள். பெயர் பட்டியலை வாசிக்கலாமா என்று பொருளாளர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகத் தருவார். சுருக்கமாகச் சொன்னால், வரவு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு, செலவு கொஞ்சம் கூடுதல், கையிருப்பு திருப்தி என்று சொல்ல முடியாது. ‘ஒரு மாதம்’ திட்டத்துக்குச் செலவானது சார்ட் பேப்பர், பசை, மார்க்கர், தேநீர் அளவுதான். புத்தகங்கள் பெரும்பாலும் உறுப்பினர்கள் இரவல் கொடுத்தவை. கணக்குகளைத் தணிக்கை செய்த நண்பருக்கு நன்றி.

அறையைப் பயன்படுத்த அனுமதித்த நூலகருக்கும், தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும், வேன் ஏற்பாடு செய்த உறுப்பினருக்கும், தேநீர் கொடுத்த எதிர்க் கடைக்காரருக்கும், பத்திரிகை நண்பர்களுக்கும் மன்றத்தின் சார்பில் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு 1910 மே மாதத்தை எடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். அந்த மாதம் 6-ஆம் தேதி ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்தார். ஹாலி வால்நட்சத்திரத்தின் வாலுக்குள் பூமி புகுந்து வெளிவந்தபோது பல நாடுகளில் மக்கள் பீதியில் இருந்தார்கள். 31-ஆம் தேதி தென்னாப்பிரிக்க யூனியன் உருவானது, கருப்பின மக்களின் பெரும்பான்மையை வாக்குரிமைக்கு வெளியே நிறுத்திவிட்டு. அங்கே தமிழர்கள் உட்பட இந்தியர்கள் காந்தியோடு சத்தியாகிரகத்தில் இருந்த காலம் அது. வேலை செய்யச் செய்ய இன்னும் நிறைய வரும். ஆனால் இதை இரண்டு மூன்று பேர் செய்ய முடியாது. வரிசைக்கு ஒருவர் வீதம் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். ஐந்து பேர் சேராவிட்டால் இந்தப் பொறுப்பில் நான் தொடர்வதில் பொருளில்லை என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். இதை மிரட்டலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நிலைமை அப்படி. பெயர் கொடுக்க விரும்புபவர்கள் கூட்டம் முடிந்ததும் துணைச் செயலாளரிடம் கொடுக்கலாம். சந்தா பாக்கி உள்ளவர்களுக்காகப் பொருளாளர் வாசல் மேசையில் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்