மீதி நாளுக்கு எந்த விதை

மன்னார்குடி அருகே,
ஆனி 20 (4.7.2024)

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். சிவப்பி கன்று போட்டிருக்கிறது, கிடாரி.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது அம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். "பாதி வருடம் போய்விட்டது, இனி என்ன செய்து என்ன, ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று நீ சொன்னதை நானும் கேட்டேன். உடனே பதில் சொல்ல வரவில்லை. மாட்டைக் கட்டிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் பேச்சு வரும். அதற்குள் நீ வைத்துவிட்டாய்.

பொங்கலுக்கு வந்தபோது பீரோ கதவின் உள்பக்கம் நீ ஒட்டிவிட்டுப் போன தாள் அப்படியே இருக்கிறது. காலண்டர் தாளின் பின்பக்கம், பச்சை மையில் ஏழு வரி. வேட்டி எடுக்கும்போதெல்லாம் கண்ணில் பட்டு மனப்பாடமே ஆகிவிட்டது. ஜெர்மன் மொழியில் பி2 தேர்வு (ஏ1, ஏ2, பி1 தாண்டி நாலாவது படி). தினமும் ஐந்து மணிக்கு எழுவது. ஓட்டம். மாதம் பத்தாயிரம் சேமிப்பு. இருபத்துநாலு புத்தகம். இரவு பத்துக்கு மேல் போனைத் தொடுவதில்லை. ஏழாவதாக, ஞாயிறுதோறும் அம்மாவிடம் அரைமணி நேரம். இதை மட்டும் விடாமல் செய்துவருகிறாய். போன வாரம் பதினொரு நிமிடம்தான் என்று அம்மா கணக்குச் சொல்கிறாள், அது வேறு.

மாதத்தில் பத்து நாள் இரவுப் பணி பார்க்கிற நர்ஸ், தினமும் ஐந்து மணிக்கு எழுவேன் என்று எழுதியதைப் பார்த்து எனக்கு அன்றைக்கே சிரிப்பு வந்தது. ஆசையாக எழுதிக்கொண்டிருந்தாய், கெடுக்க மனம் வரவில்லை.

இங்கே, பாசனத்துக்கு மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 வந்தது, போனது. மேட்டூர் திறக்கவில்லை. அணையின் முழு உயரம் 120 அடி. தண்ணீர் 40 அடியை ஒட்டியே நிற்பதாகப் பேப்பரில் போடுகிறார்கள். பம்புசெட்டு வைத்திருப்பவர்கள் குறுவை நெல் நட்டுவிட்டார்கள். நம்மைப் போல ஆற்றை நம்பியவர்கள் சும்மா இருக்கிறோம். பாமணி ஆற்று மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள்.

தேதி தவறாமல் திறந்த வருடம் மட்டும் என்ன வாழ்ந்தது? போன வருடம் ஜூன் 12-ஆம் தேதியே திறந்தார்கள். அக்டோபர் 10-ஆம் தேதி தண்ணீர் இல்லை என்று மூடிவிட்டார்கள். சம்பா பட்ட பாடு உனக்குத் தெரியும். அதற்கு முன்னால், 2012 தொடங்கி 2019 வரை எட்டு வருடம் ஒரு தடவைகூட ஜூன் 12-ல் தண்ணீர் வரவில்லை. 2012-ல் செப்டம்பர் 17. 2016-ல் செப்டம்பர் 20. 2017-ல் அக்டோபர் 2. தரிசாகப் போட்டவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் தண்ணீர் வந்த அன்று டீக்கடையில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: இனிமேல் எத்தனை நாள் ரகம் விடலாம்?

நெல்லுக்கு நாள் கணக்கு உண்டு என்பது உனக்குத் தெரிந்ததுதான். ஆடுதுறை 45 என்றால் 110 நாள். ஆடுதுறை 39-க்கு 120 சொச்சம். சி.ஆர். 1009-க்கு 155, 160 கூட ஆகும். ஜனவரி 28-ல் மேட்டூரை மூடுவது வழக்கம். ஆகவே அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்துதான் விதை வாங்க வேண்டும்.

2017-ல் நான் அப்படி எண்ணவில்லை. இதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் 1009 நாற்று விட்டேன். காலம் காலமாகச் சம்பாவுக்கு அதைத்தானே விடுகிறோம் என்ற வீம்பு. உன் பெரியப்பா 39 விட்டார். "இது சம்பாவா, குறுவை அறுத்த பிறகு நடுகிற தாளடி மாதிரி அல்லவா இருக்கிறது" என்று அவரைக் கேலி வேறு செய்தேன். தை கடைசியில் அவர் அறுத்துக் களத்தில் சேர்த்துவிட்டார். என் பயிர் அப்போதுதான் பூத்துப் பால் பிடிக்கிறது, வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டது. மணிக்கு இவ்வளவு என்று பேசி, கேலி செய்த அண்ணனிடமே பம்புசெட்டுத் தண்ணீர் வாங்கினேன். போதவில்லை. ஒரு கதிரை உருவி மணி மணியாக நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். பத்தில் நாலில்தான் பால் இருந்தது. மீதியை உள்ளங்கையில் வைத்து ஊதினால் பறந்துபோனது. உன் ஹாஸ்டல் பணத்துக்கு அம்மாவின் வளையல் போனது அந்த வருடம்தான். மேட்டூர்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மேட்டூர் பாதிதான் காரணம்.

உன் பி2-வும் அந்த 1009 போலத்தான் எனக்குத் தெரிகிறது. நல்ல ரகம், சந்தேகமே இல்லை. ஜனவரியில் விட்டிருந்தால், இடையில் வார்டு மாறாமல் இருந்திருந்தால், ஒருவேளை விளைந்திருக்கும். இப்போது அதையே பிடித்துக்கொண்டு டிசம்பரில் பதர் பார்த்து அழ வேண்டாம். அதற்காக நிலத்தையே தரிசாகப் போடுவேன் என்கிறாயே, அது அதைவிட மோசம்.

இன்றைய நாளை விட்டுவிட்டு எண்ணினேன். டிசம்பர் 31 வரை 180 நாள் இருக்கிறது. 110 நாள் நெல் ஒன்று, அறுத்த பிறகு 70 நாளில் உளுந்து ஒன்று. பருவம் பார்த்துச் சொல்லவில்லை, கணக்குக்குச் சொல்கிறேன். ஏ1 தேர்வு மே மாதமே முடித்துவிட்டாய். ஏ2-வில் பாதியில் நிற்கிறாய். அதை முடித்து நிறுத்துவதா, பி1-க்கும் உட்காருவதா என்பது உனக்குத்தான் தெரியும். எனக்கு ஜெர்மன் தெரியாது, நாள் எண்ணத் தெரியும்.

ஐந்து மணியை அடித்துவிடு. ஓட்டத்தையும்தான், வார்டில் நாள் முழுக்க நிற்கிறவளுக்கு ஓட்டம் எதற்கு என்பது என் அபிப்பிராயம், நீ ஒத்துக்கொள்ளமாட்டாய். சேமிப்பை விடாதே. எங்களுக்கு அனுப்புவதில் இரண்டாயிரம் குறைத்துக்கொண்டு அதில் போடு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

நீ பொங்கலுக்கு வாங்கித் தந்த கணக்கு நோட்டு என்ன ஆனது என்று கேட்காமல் இருந்ததற்கு நன்றி. மாசி பதினேழோடு நின்றுவிட்டது. கடைசி வரி "டீசல்", பக்கத்தில் தொகைகூட இல்லை. விட்டுப்போன மாதங்களை ஞாபகத்திலிருந்து எழுதி நிரப்பிவிட்டு மேலே எழுதலாம் என்று நினைத்தேன். மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் மூடி வைத்தேன். பங்குனியில் புண்ணாக்கு எத்தனை மூட்டை வாங்கினேன் என்று யாருக்கு ஞாபகம்? போன வாரம் இரண்டு பக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு மூன்றாவது பக்கத்தில் ஆனி 14 என்று போட்டு எழுத ஆரம்பித்தேன். ஆறு நாளாக எழுதிவருகிறேன். வெள்ளைப் பக்கம் அசிங்கமாக இருக்கிறது என்கிறாள் அம்மா. இருக்கட்டும்.

வயலிலும் ஒன்றுமில்லாமல் இல்லை. போன மாதம் பெய்த மழை ஈரத்தில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு தெளித்தேன், முழங்கால் உயரம் வந்துவிட்டது. நேற்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் முழுக்கக் கடுகு கடுகாய் முடிச்சு. பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த நிறம் இருந்தால் சத்து ஏறுகிறது என்று அர்த்தம். பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதுவிடுவேன். வீட்டில் ஒரு மூட்டை 1009, ஒரு மூட்டை 39, இரண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். எதைப் பிரிப்பது என்பதைத் தண்ணீர் வருகிற தேதி சொல்லும்.

நீ எதைப் பிரிக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை சொல். அரைமணி நேரம் எடுத்துக்கொண்டே சொல்.

பெரியப்பா மகன் சனிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் வருகிறான். நார்த்தங்காய் ஊறுகாயும் உளுந்து இரண்டு கிலோவும் கொடுத்து அனுப்புகிறோம். தாம்பரத்தில் இறங்கிவிடுவானாம், முன்கூட்டியே போன் செய்து எங்கே நிற்பது என்று பேசிக்கொள். ஊறுகாய் ஜாடி மூடி சரியில்லை, சாய்க்காமல் எடுத்துப் போ.

அன்புடன்,
உன் அப்பா