ஃப்ளெக்ஸ் வேண்டாம், தம்பி

ஐச்சி, ஜப்பான்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே அம்மா, அப்பா, உன் வீட்டுக்காரி, குழந்தைகள் நலந்தானே?

பட்டறைச் சுவருக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கணும், அமெரிக்கத் தர நிபுணர் டெமிங், டொயோட்டா கார் கம்பெனிக்காரர்கள் எல்லாம் சொன்னதில் நல்ல வரிகளாகப் பார்த்து அனுப்பு என்று கேட்டிருந்தாய். வரி எதுவும் அனுப்பப் போவதில்லை. வேண்டாம் என்று சொன்னவரே டெமிங்தான். நிர்வாகத்துக்கு அவர் எழுதிய 14 அறிவுரைகளில் பத்தாவது, ‘பிழையே கூடாது’, ‘உற்பத்தியைக் கூட்டு’ என்று தொழிலாளியை ஏவும் வாசகங்களையும் சுவரொட்டிகளையும் எடுத்துவிடு என்பது. பிழைகளில் பெரும்பகுதி வேலை நடக்கும் ஏற்பாட்டிலிருந்து வருகிறது. ஏற்பாட்டை மாற்றும் அதிகாரம் முதலாளி கையில் இருக்கிறது. வாசகத்தை மட்டும் தொழிலாளி முகத்துக்கு நேராக மாட்டினால் அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். இந்த ஊர்ப் பெரியவர்கள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தகடோ, தட்டோ, தாளோ இருக்கிறது. அதை எழுதுகிறேன்.

நாங்கள் இருக்கும் பக்கம் முழுக்கத் தொழிற்சாலைதான். பக்கத்து ஊருக்கு 1959 வரை கொரொமோ என்று பெயர். ஒரு காலத்தில் பட்டு நூல் வியாபாரத்தில் செழித்த ஊர். கம்பெனி வளர்ந்ததும் ஊர்ப் பெயரையே டொயோட்டா என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் எல்லாம் தொடங்கியது காரில் இல்லை, தறியில். கோயம்புத்தூர்க்காரனுக்கு இது பிடிக்கும் என்று தெரியும். நகோயா நகரில் பழைய செங்கல் மில் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி அந்தத் தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். கம்பெனிக்கு வேர்போட்ட டொயோடா சகிச்சி 1924இல் முடித்த தானியங்கித் தறியில் ஒரு பாவு நூல் (துணியின் நீளவாட்டில் ஓடுவது) அறுந்தால், அந்த நூல் தாங்கிக்கொண்டிருந்த மெல்லிய உலோகத் துண்டு கீழே விழும். விழுந்ததும் தறி நின்றுவிடும். நூல் அறுந்த பின்னும் ஓடிக் கெட்ட துணி நெய்யும் வேலையே இல்லை. ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் காவல் நிற்கவும் வேண்டாம். முப்பது தறி வரை ஒருவரே பார்க்கலாம். 1929இல் இதன் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் வாங்கியது.

கார் பூட்டும் லைனில் இதே எண்ணம் ஒரு கயிறாகத் தொங்குகிறது. ஏதாவது பொருந்தவில்லை என்றால் தொழிலாளி இழுப்பார். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி தரையில் குறித்த கோட்டைத் தொடுவதற்குள் சரியாகிவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகாவிட்டால் அந்தக் கோட்டில் நிற்கும். உன் பட்டறைக்கு ஒவ்வொரு மெஷின் தலைமேலும் ஒரு சிவப்பு பல்பும் ஸ்விட்சும் போதும். பல்பு வாங்குவது சுலபம். அதை யாரையாவது போட வைப்பதுதான் கஷ்டம். பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவர் மெஷினை நிறுத்தினால் அவர் பணம் போகிறது, அதனால் அளவு தப்பியதையும் கூடைக்குள் தள்ளிவிடுவார். பல்பு எரிந்த நேரத்துக்கு அவருடைய சராசரி மணிக்கூலியைக் கொடு. எரிந்ததும் நீயோ சூப்பர்வைசரோ உடனே போய் நிற்க வேண்டும். போனதும் ‘என்ன ஆச்சு’ என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். ‘யார் பண்ணியது’ என்று ஒரே ஒரு தடவை கேட்டால் போதும், அப்புறம் அந்த பல்பு எரியவே எரியாது.

நின்ற பிறகு செய்வதற்குத்தான் ஓனோ தாயிச்சியின் ஐந்து ‘ஏன்’. டொயோட்டா உற்பத்தி முறையை வகுத்த இவரும் தறிக் கம்பெனியில் தொடங்கி 1943இல் கார் பக்கம் வந்தவர். அவர் சொல்லும் எடுத்துக்காட்டு உனக்கு அப்படியே பொருந்தும். மெஷின் ஏன் நின்றது? லோடு கூடி ஃபியூஸ் போனது. லோடு ஏன் கூடியது? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் ஷாஃப்ட் தேய்ந்து ஆடுகிறது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத்தூள் உள்ளே போனது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் ஃபியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், அடுத்து அதுவும் போயிருக்கும்.

இது கெட்டுப்போகும் வழி எங்கும் ஒன்றுதான்: மூன்றாவது ‘ஏன்’ வருவதற்குள் ‘ஆபரேட்டர் கவனக்குறைவு’ என்று எழுதி மூடிவிடுவது. பதிலில் ஆள் வந்தால், அந்த ஆளைத் தவறு செய்ய விட்ட ஏற்பாடு எது என்று இன்னொரு ‘ஏன்’ கேள். ஒவ்வொரு பதிலையும் மெஷினைத் திறந்து கண்ணால் பார்த்த பிறகே எழுது. ஏசி ரூமில் உட்கார்ந்து ஐந்தும் எழுதினால் அது கற்பனைதான். எழுதி முடித்ததும் கீழிருந்து மேலே ‘ஆகவே’ போட்டுப் படித்துப் பார். வடிகட்டி இல்லை, ஆகவே தூள் போனது, ஆகவே ஷாஃப்ட் தேய்ந்தது... எங்காவது தடுக்கினால் அந்த இடத்தில் ஊகம் நுழைந்திருக்கிறது. நோய்முதல் நாடச் சொன்ன வள்ளுவர் அதோடு விடவில்லை. தணிக்கும் வழியை நாடி, அதைப் பொருந்தச் செய்யவும் சொன்னார். பலர் காரணத்தைக் கண்டுபிடித்து ஃபைலில் போட்டதோடு சரி, வடிகட்டியை மாட்டுவதில்லை.

ஷிங்கோ ஷிகெயோ என்று ஒரு தொழிற்சாலை ஆலோசகர், 1961இல் யமாடா எலெக்ட்ரிக் என்ற தொழிற்சாலையில் செய்தது எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. சின்ன ஸ்விட்சில் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும், ஆட்கள் சிலசமயம் ஒன்றை மறந்துவிடுவார்கள். எவ்வளவு திட்டியும் தீரவில்லை. அவர் ஒரு சிறு தட்டைக் கொண்டுவந்து, முதலில் இரண்டு ஸ்பிரிங்கைத் தட்டில் எடுத்து வை, பிறகு பொருத்து என்றார். வேலை முடிந்தும் தட்டில் ஒன்று கிடந்தால் மறந்தது அப்போதே தெரிந்துவிடும். நீ பம்ப் அசெம்ப்ளி செய்யும் மேசையில் ஒரு பம்புக்கு வேண்டிய போல்ட், வாஷர், ஓ-ரிங், கீ எல்லாவற்றுக்கும் குழி வெட்டிய ஒரு மரத்தட்டு வை. டப்பாவிலிருந்து நேரே அள்ளிப் பூட்டுவதை நிறுத்து. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று தட்டில் கூடுதலாக ஒரு வாஷர் போட்டுவிட்டால் தட்டுக்கு அர்த்தமே போய்விடும்.

செட்டிங் நேரத்தை, அதாவது ஒரு ஜாபிலிருந்து அடுத்த ஜாபுக்கு மெஷினை மாற்றப் பிடிக்கும் நேரத்தைப் பற்றியும் அவரிடமிருந்து எடுத்துக்கொள். டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ்ஸில் டை (தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு) மாற்றப் பிடித்த 4 மணி நேரத்தை முதலில் 90 நிமிடத்துக்கும் பிறகு 3 நிமிடத்துக்கும் கொண்டுவந்தார்கள். செட்டிங்கை முழுதாகப் போனில் வீடியோ எடுத்து, மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று பிரி. டிராயிங் தேடுவது, ஸ்பேனர் தேடுவது, கேஜ் எடுத்து வருவது, பீஸைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவைக் கடைந்து வைப்பது, டூலை ஹோல்டரில் பூட்டி நீளம் பார்ப்பது எல்லாம் முந்தின ஜாப் ஓடும்போதே முடிந்திருக்க வேண்டும். தள்ளுவண்டி ஒன்றில் அடுத்த ஜாபுக்கானது எல்லாம் மெஷின் பக்கத்தில் வந்து நிற்கட்டும். மிச்சமான நேரத்தை இன்னும் பெரிய பேட்ச் ஓட்டச் செலவழிக்காதே. சின்னச் சின்ன பேட்சாக அடிக்கடி மாற்று. அப்போதுதான் கெட்ட பீஸ் 500 சேர்வதற்கு முன் 20இலேயே தெரியும்.

மறுபடி டெமிங். 1950இல் இங்கே வந்து பாடம் எடுத்தார், 1951இலிருந்து அவர் பெயரில் தரத்துக்கான பரிசு. நம்ம சென்னைப் பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டன் பிரேக்ஸ் பிரிவு 1998இல் அதை வாங்கியது உனக்குத் தெரியும். வகுப்பில் அவர் ஒரு விளையாட்டு வைப்பார். 3,200 வெள்ளை மணி, 800 சிவப்பு மணி கலந்த பெட்டி. 50 குழியுள்ள துடுப்பை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் பிழை. சராசரியாகப் பத்து வரும். ஒருவருக்கு 5 வரும், ஒருவருக்கு 15 வரும். ஐந்துகாரருக்குப் பாராட்டு, பதினைந்துகாரருக்குத் திட்டு. அடுத்த சுற்றில் மாறி வரும். இரண்டுமே பெட்டியின் வேலை, ஆளின் வேலை இல்லை.

இதை நீ இப்படிச் செய். தினம் ஒரே ஜாபில் 200 பீஸ் ஓடுகிறது என்று வை. 25 நாள் ரிஜெக்‌ஷனை (கழிவான பீஸ் எண்ணிக்கையை) ஒரு தாளில் எழுது. சராசரி 8 என்றால் விகிதம் 0.04. 200, 0.04, 0.96 மூன்றையும் பெருக்கினால் 7.68, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 2.8, மூன்றால் பெருக்கினால் 8.3. சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை 16.3. ஒருநாள் 13 வந்தால் யாரையும் கூப்பிட்டுப் பேசாதே, அது உன் பெட்டியில் இருக்கிற சிவப்பு. 17 வந்தால் அன்றைக்கே போய்ப் பார்: மெட்டீரியல் மாறியதா, இன்ஸர்ட் (டூலின் வெட்டும் முனை) மாறியதா, புது ஆளா. தினமும் 8 வருவதே பிடிக்கவில்லை என்றால் திட்டிக் குறையாது; பீஸைப் பிடிக்கும் ஃபிக்ஸ்சரையோ கூலண்டையோ மெட்டீரியலையோ மாற்றினால்தான் குறையும். ஜாபைக் கலந்து ஒரே தாளில் எழுதினால் இந்தக் கணக்கு உதவாது.

ஜப்பானில் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிடாதே. டொயோட்டாவின் துணை நிறுவனமான டைஹாட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு வெளிப்பட்டு 2023 டிசம்பரில் எல்லா மாடல்களின் விநியோகத்தையும் நிறுத்தியது. விசாரித்த குழு முக்கியமாகச் சொன்ன காரணம், மூச்சுவிட முடியாத கால அட்டவணை. பயத்தை விரட்டு என்பது டெமிங்கின் எட்டாவது அறிவுரை. அவர் வந்து பாடம் எடுத்த நாட்டிலேயே இந்தக் கதி.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பழைய பள்ளிகள் பலவற்றில், முதுகில் விறகு சுமந்தபடி புத்தகம் படிக்கும் ஒரு பையன் சிலை நிற்கும். நினோமியா சொந்தோகு, 1787இல் பிறந்த விவசாயி. (நடந்துகொண்டே படிப்பது, போன் பார்த்துக்கொண்டு நடப்பதற்கு முன்மாதிரியாகிவிடும் என்று சில இடங்களில் உட்கார்ந்த சிலை வைத்திருக்கிறார்கள்.) நொடித்துப் போன கிராமங்களைத் தூக்கிவிட அவரை அழைப்பார்கள். அவர் போனதும் முதலில் கேட்பது பழைய ஆண்டுகளின் விளைச்சல் கணக்கு. அதன் சராசரியிலிருந்து செலவுக்கு ஓர் உச்சவரம்பு வைப்பார். விளைச்சல் கூடினாலும் வரம்பு கூடாது. மிஞ்சுவதில் ஒரு பங்கு நாளைக்கு, ஒரு பங்கு பிறருக்கு.

ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டருக்குச் செய்து கொடுக்கும் வேலை) வருமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை தெரியவில்லை. 36 மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடு. பில் போட்ட தொகையைப் பார்க்காதே, கையில் வந்ததைப் பார். பணம் 60, 90 நாள் கழித்துத்தானே வருகிறது. ஜிஎஸ்டி, கூலி, மெட்டீரியல், கரண்டு கழித்து மாதாமாதம் மிஞ்சியதை எழுதி, மிகக் குறைந்த 12 மாதங்களின் சராசரியைப் போடு. வீட்டுக்கு நீ எடுக்க வேண்டியது அவ்வளவுதான், சம்பளம் மாதிரி, குறித்த தேதியில், தனி அக்கவுண்ட்டுக்கு. ஆர்டர் கொட்டிய மாதத்தைப் பார்த்துக் காருக்கு இ.எம்.ஐ. போடாதே. மிச்சம் முதலில் ஒரு மூன்று மாதக் கூலிக்குச் சேரட்டும், அதற்குப் பிறகு புது மெஷினைப் பற்றி யோசி.

அப்பாவின் சர்க்கரைக்கு டாக்டர் சொன்னதை மாற்ற வேண்டாம். கூடவே, கைபரா எக்கிகென் என்ற ஜப்பானிய அறிஞர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய உடல்நல நூலில் வயிறு நிறைவதற்கு முன்னே எழுந்துவிடச் சொல்கிறார், அதையும் சொல். சொன்னால் கேட்கிற ஆளா? அதனால் அம்மாவிடம் சொல்லி, சோற்றுப் பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுவராமல் அடுப்படியிலேயே தட்டில் போட்டுக் கொண்டுவரச் சொல்.

பல்பு, தட்டு எல்லாம் பிறகு. நாளைக்கே அந்த ரிஜெக்‌ஷன் தாளைத் தொடங்கு. 25 நாள் ஆனதும் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பு, எல்லை போட்டுத் தருகிறேன். ஃப்ளெக்ஸுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்.

அன்புடன்,
அக்கா