ஞாயிறு மாலை போன் இல்லாமல் 3 மணி நேரம்

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் கரண்ட் போனதும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார்கள். நமக்கெல்லாம் கரண்ட் போனால்தானே கொண்டாட்டம்! மெழுகுவத்தி வெளிச்சத்தில் தாயம் உருட்டியது, அப்பாவே கள்ளாட்டம் ஆடியது எல்லாம் நினைவுக்கு வந்தது. அதனால்தான் இந்த ஏற்பாடு.

நாள்: ஜனவரி 18, ஞாயிறு, மாலை 3 முதல் 6 வரை
இடம்: யாங்கூன், கண்டோஜி ஏரிக்கரை

1. பல்லாங்குழி இருந்தால் கொண்டு வரவும். இல்லையா, அட்டையில் பக்கத்துக்கு 7 வட்டம் வரைந்தால் போதும். புளியங்கொட்டை என் பொறுப்பு.
2. சின்லோன் (வட்டமாக நின்று காலால் தட்டி ஆடும் பர்மிய ஆட்டம்) பந்து 2 வேண்டும். பிரம்புப் பந்துதான், பிளாஸ்டிக்கில் அந்தச் சத்தம் வராது.
3. வந்ததும் போன்கள் பைக்குள். அவசரத்துக்கு என் போன் மட்டும் திறந்திருக்கும். (படம் எடுக்க மாட்டேன், சத்தியம்.)
4. தாத்தா பாட்டிகளை அவசியம் அழைத்து வரவும். ஏழாங்கல் விதியை ஆளுக்கொரு மாதிரி சொல்கிறோம், தீர்ப்பு அவர்கள்தான் சொல்ல வேண்டும்.
5. பாய், தண்ணீர். சுண்டல் யார் செய்கிறீர்கள்?

வியாழன் இரவுக்குள் எத்தனை பேர் என்று எழுதுங்கள். கட்டைவிரல் படம் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.