'கின்ஜியெனய்': பொருள் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் கல்வி இணைப்பில் வெளிவரும் ஜப்பானிய மேல்நிலை இலக்கணப் பகுதியை, காரைக்குடியில் மாலை வேளைகளில் அம்மொழியைக் கற்பித்துவரும் நான் வாரந்தவறாமல் வகுப்பில் படித்துக் காட்டுகிறேன். சென்ற வாரம் 'கின்ஜியெனய்' என்னும் எழுத்துவழக்கு வினைக்குக் 'கட்டுப்படுத்த முடியாது' என ஒரே வரியில் பொருள் தந்திருந்தீர்கள். பொருள் சரியே. ஆனால் அதை மட்டும் கொண்டு எழுதத் தொடங்கும் மாணவர் எங்கே இடறுவார் என்பதை ஆண்டுதோறும் பார்த்துவருவதால் இக்கடிதம்.

'கின்ஜிரு' என்றால் தடை செய்தல். 'பெறுதல்' என்னும் பொருளுடைய பழைய வினையின் எதிர்மறையான 'எனய்' அதனோடு சேர்ந்து இயலாமையைக் குறிக்கிறது. தேவகோட்டையிலிருந்து வரும் மாணவி ஒருவர், கோயிலுக்குள் படம் எடுப்பதைத் தடுக்க முடியவில்லை என்பதற்கு இவ்வினையை எழுதியிருந்தார். இன்னொருவர் இருமலை அடக்க முடியவில்லை என்பதற்கு எழுதினார். அகராதியைப் பார்த்தால் இரண்டும் சரிபோலத் தோன்றும். ஜப்பானியர் காதுக்கு இரண்டுமே ஒவ்வா. கண்ணீர், சினம், இரக்கம், வியப்பு என உள்ளத்தில் தாமே பொங்கி எழுபவற்றின் பெயருக்குப் பின்னால்தான் இது வரும்: 'நமிதா ஓ கின்ஜியெனய்', அதாவது கண்ணீரை அடக்க இயலவில்லை. அதுவும் பொதுவாகச் சொல்பவர் தம் உணர்வைச் சொல்லும்போதே பொருந்தும். வீட்டுப் பேச்சில் 'நமிதா கா தொமரனய்', கண்ணீர் நிற்கவில்லை, என்றுதான் சொல்வார்கள்.

இதைப் புரியவைக்க நமக்குத் தமிழே போதும். இரங்கல் சுவரொட்டிகளில் 'சொல்லொணாத் துயரம்', 'தாங்கொணாத் துயரம்' என்று படிக்கிறோம். அந்த 'ஒணா' இன்று எதிர்மறையில் மட்டுமே உயிரோடிருக்கிறது; 'சொல்லொணும்' என்று எவரும் எழுதுவதில்லை. 'சொல்லொணாப் பசி' என்று பந்தியில் அமர்ந்து யாரும் கேட்பதுமில்லை. இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய அன்றுதான் என் மாணவர்களுக்குக் 'கின்ஜியெனய்' விளங்கியது.

'பெறுதல்' என்னும் பொருளுடைய அந்தப் பழைய வினையே 'அரியுரு', 'அரியெரு' என இருவகையாக வந்து 'இருக்கக்கூடும்' எனப் பொருள்படும். எதிர்மறையிலோ 'அரியெனய்' ஒன்றே உண்டு.

சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடைபெறும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் உச்சநிலையான என்-1இல் 180 மதிப்பெண்ணுக்கு 100 பெற்று, ஒவ்வொரு பிரிவிலும் 60க்குக் குறைந்தது 19 எடுத்தால் தேர்ச்சி. வினாக்கள் அனைத்தும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. சொந்தமாக ஒரு வாக்கியம்கூட எழுத வேண்டியதில்லை. எனவே பொருள் மட்டும் தெரிந்தவரும் தேறிவிட முடிகிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யப் போன எங்கள் முன்னோர் கடைத்தெருப் பேச்சைக் கேட்டே அந்நாட்டு மொழிகளைப் பழகினார்கள். ஜப்பானிய நிறுவனங்களில் சேரும் இன்றைய பிள்ளைகளோ, துக்கம் கேட்டும் வருத்தம் தெரிவித்தும் மடல் எழுத வேண்டியவர்கள்; அங்கே இந்த வினை தவறான பெயரோடு சேர்ந்துவிட்டால் திருத்திச் சொல்ல அருகில் ஆசிரியர் இருக்கமாட்டார்.

ஆகவே, இனி வரும் பாடங்களில் இத்தகைய வினை ஒவ்வொன்றுக்கும் எந்தப் பெயர்ச்சொற்களோடு வரும், யார் சொல்லலாம், எவ்வகை எழுத்தில் வழங்கும் என்பவற்றையும், ஒத்த தமிழ் வழக்கு இருப்பின் அதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இடம் போதவில்லையெனில் வாரத்துக்கு ஐந்து வினைகளுக்குப் பதிலாக இரண்டே போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஜப்பானிய மொழி ஆசிரியர் ஒருவர்,
காரைக்குடி.