உருண்டை வீசினால் ஏரி தெளியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஏரிகள் சிறப்புப் பகுதியில், ‘நுண்ணுயிர் உருண்டைகளை வீசினால் நல்ல பாக்டீரியா பெருகிப் பாசியைத் தின்றுவிடும், ஒரே மாதத்தில் தண்ணீர் தெளிந்துவிடும்’ என்று ஒரு வரி வந்திருக்கிறது. விளம்பரமாக இருந்திருந்தால் கடந்து போயிருப்பேன். செய்திக் கட்டுரைக்குள், உங்கள் இதழின் பொறுப்பில் வந்திருப்பதுதான் வருத்தம்.

உள்ள நிலைமை இதற்கு நேர்மாறு. எந்த பாக்டீரியா பிழைக்கும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வதே பாசிதான். ஒளிச்சேர்க்கையில் உருவாக்கிய சர்க்கரை, அமினோ அமிலம் போன்றவற்றில் ஒரு பங்கைப் பாசி தண்ணீரில் கசியவிடுகிறது. இந்தக் கசிவு இனத்துக்கு இனம் மாறும். பந்தியில் என்ன பரிமாறுகிறார்களோ, அதைச் சாப்பிடுகிறவர்கள்தானே உட்காருவார்கள்? கிரிப்டோமோனஸ் வகைப் பாசி மிகுந்தால் லிம்னோஹாபிடான்ஸ் என்ற பாக்டீரியா பெருகும். டயட்டம் என்ற பாசி வகை பூத்து மடிந்தால், அதன் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை அறுக்கத் தெரிந்த ஃபிளாவோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வகைகள் முன்னுக்கு வரும். மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசியோ தன் வழவழப்பான கூழுறைக்குள்ளேயே ஒரு பாக்டீரியா கூட்டத்தைக் குடிவைத்திருக்கிறது. அந்த உறைக்கு வெளியே தனித்து மிதக்கும் கூட்டம் வேறு.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. 326 பாசியினங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி 2005-ல் வெளியான ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு வைட்டமின் பி12 வெளியிலிருந்து தேவை என்று தெரிந்தது. அதைத் தயாரிப்பது பாக்டீரியாதான். போதாததற்கு, நீங்கள் அழிக்கச் சொல்லும் நீலப்பச்சைப் பாசியே ஒரு பாக்டீரியா! இதில் நல்லது எது, கெட்டது எது என்று எப்படிப் பிரித்தீர்கள்?

அந்த உருண்டையில் இருப்பது களிமண், தவிடு, மொலாசஸ், லாக்டிக் அமில பாக்டீரியா, ஈஸ்ட். பாசி பூத்த ஏரியில் பிற்பகலில் பி.ஹெச். 9-ஐத் தாண்டி, தண்ணீர் காரமாகிவிடும். புளிப்பில் வாழ்ந்து பழகிய உயிர்கள் அங்கே நிலைக்க வழியில்லை. தவிட்டோடு பாஸ்பரஸும் தண்ணீரில் சேர்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதே உருண்டைகளைச் சோதித்து, நீலப்பச்சைப் பாசியை இவற்றால் கட்டுப்படுத்த முடியாது என்று 2010-லேயே எழுதிவிட்டார்கள். கனடாவில் 226-ஆம் எண் ஏரியை 1973-ல் நடுவே திரைகட்டிப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம்தான் பச்சையாகிப் போனது. பாஸ்பரஸைக் கொண்டுவரும் சாக்கடை வாய்க்கால் திறந்திருக்கும்வரை மேலே எதை வீசியும் பயனில்லை.

இது முதல் தடவையும் அல்ல. சென்ற கோடையில் மீன்கள் செத்து மிதந்தபோது ‘விஷம் கலந்தது யார்?’ என்று தலைப்பிட்டீர்கள். பாசி மொத்தமாக மடிந்தால் அதை அழுகவைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். இரவில் ஒளிச்சேர்க்கையும் இல்லாததால் விடியற்காலையில் மீன் மூச்சடைத்துச் சாகும். சூரியன் உதிக்கும் முன் ஆக்சிஜனை அளந்திருந்தால் தெரிந்திருக்கும். நண்பகலில் அளந்த எண்ணைப் போட்டு, ‘ஆக்சிஜன் இயல்பு, ஆகவே விஷம்’ என்று முடித்துவிட்டீர்கள். சீனாவின் தாய்ஹூ ஏரியில் 2007-ல் வூஷி நகர மக்கள் சுமார் 20 லட்சம் பேரின் குடிநீர் நாறியதும் அழுகிய பாசியை பாக்டீரியா சிதைத்ததால்தான்.

அதற்கும் முன்பு, பாசியைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) தூவச் சொல்லி ஒரு குறிப்பு. பாசி செல் உடைந்தால் உள்ளிருக்கும் நச்சு தண்ணீரில் கலந்துவிடும். ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979-ல் குடிநீர் அணைக்கு மயில்துத்தம் போட்ட சில நாட்களில் நோய் பரவி, 148 பேர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள்.

‘கோலிஃபார்ம் இல்லை, எனவே ஏரி நலம்’ என்ற வரியும் உங்களுடையதே. அந்தச் சோதனை மலக்கழிவு கலந்ததா என்று மட்டுமே சொல்லும். பாசியோடு வாழும் பாக்டீரியாவைப் பார்க்க வேண்டுமென்றால், தண்ணீரை முதலில் 3 மைக்ரான் துளையுள்ள வடிதாளிலும் பிறகு 0.2 மைக்ரான் துளையுள்ளதிலும் வடிக்க வேண்டும். ஒட்டி வாழ்பவை முதல் தாளிலும், தனித்து மிதப்பவை இரண்டாவதிலும் தங்கும். பாசி மிகுந்த தண்ணீர் சீக்கிரமே தாளை அடைத்துக்கொள்ளும். எத்தனை மில்லி வடிந்தது என்று குறிக்காவிட்டால் ஒப்பிடவே முடியாது. மரபணு வரிசை பார்க்கும்போது டயட்டத்தின் செல்லுக்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் பசுங்கணிகமும் பாக்டீரியா போலவே பதிவாகும். அதை நீக்காத கணக்கு தப்புக் கணக்கு. காற்று ஒதுக்கிய கரையோரப் பாசி ஆடையை அள்ளிவந்து ‘இதுதான் ஏரி’ என்பதும் கூடாது.

இத்தனையையும் நீங்கள் அச்சிட வேண்டாம். அடுத்த இதழில், அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், உருண்டை பற்றிய வரி தவறு என்று இரண்டு வரி போடுங்கள். ஆகாயத்தாமரைப் படத்துக்குக் கீழே ‘பாசி’ என்று எழுதுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஏரிநீர் ஆய்வகப் பணியாளர்,
கோயம்புத்தூர்