இன்னொரு தங்கக் குதிரை

மதுரை,
18.5.2025

அன்பு மாப்ளைக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் வலி இப்போது தேவலையா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி எல்லாரும் சௌக்கியம்.

போன திங்கட்கிழமை அழகர் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கியதைப் பார்க்கப் பேத்தியோடு போயிருந்தேன். தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களிடம் தொப்பலாக நனைந்துவிட்டு வீட்டுக்கு வந்ததும், "தாத்தா, சினிமாவுக்கும் தங்கக் குதிரை கொடுக்கிறார்கள்" என்று போனை நீட்டினாள். அதைப் பார்த்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று கை பரபரத்தது.

ஆப்பிரிக்காவில் புர்கினா பாசோ என்றொரு நாடு. தலைநகர் வாகடூகு. அங்கே 1969 முதல் ஃபெஸ்பாகோ என்ற விழாவில் ஆப்பிரிக்கப் படங்களைக் கொண்டாடுகிறார்கள், இப்போது இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. முதல் பரிசின் பெயர் யென்னெங்காவின் தங்கக் குதிரை. முன்னங்காலைத் தூக்கி நிற்கிற குதிரைமேல் ஈட்டியோடு ஒரு பெண். அவள்தான் இளவரசி யென்னெங்கா. போர்க்களத்தில் அவளுக்கு ஈடில்லை என்பதாலேயே அப்பா கல்யாணம் பண்ணிவைக்க மறுத்தாராம். குதிரையேறித் தப்பிப் போனவள் ஒரு யானை வேட்டைக்காரனை மணந்தாள். மகனுக்கு ஆண்குதிரை என்றே பெயர் வைத்தாள். அந்த நாட்டின் பெரிய இனமான மொஸ்ஸி மக்கள் தங்கள் வம்சத்தை அவளிடமிருந்துதான் சொல்கிறார்கள். மீனாட்சி தடாதகைப் பிராட்டியாகப் படை நடத்திய ஊர்க்காரனுக்கு இதைக் கேட்டு மெய்சிலிர்க்காதா?

இந்த வருஷம் அந்தக் குதிரையை வாங்கியவர் உள்ளூர்க்காரரான டானி குயாட்டே. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் கதையை மொஸ்ஸி மக்களின் மோரே மொழியில், கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார். 1997-க்குப் பிறகு இப்போதுதான் குதிரை சொந்த நாட்டிலேயே தங்கியிருக்கிறது. அவருடைய அப்பா சோட்டிகி குயாட்டே யார் தெரியுமா? இங்கிலாந்து நாடக இயக்குநர் பீட்டர் புரூக்கின் மகாபாரதத்தில் பீஷ்மராக நடித்தவர்! பரம்பரைக் கதைசொல்லிக் குடும்பம்.

என்னைத் தூங்கவிடாத விஷயம் வேறு. அந்த நாட்டுத் தியேட்டர்களில் எந்தப் படம் ஓட வேண்டும் என்பது ஒரு காலத்தில் பிரெஞ்சுக் கம்பெனிகள் கையில் இருந்திருக்கிறது. 1970-இல் அரசாங்கம் தியேட்டர்களை நாட்டுடைமையாக்கி, டிக்கெட் காசில் ஒரு பங்கைச் சொந்தப் படம் எடுக்க ஒதுக்கியது. நான் முப்பது வருஷம் தியேட்டர் ஆபரேட்டர் ரூமில் புரொஜெக்டருக்குக் கார்பன் குச்சி மாற்றியவன். படப்பெட்டி வரும், ஓட்டுவேன். அது யார் கையிலிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நம்மைவிடச் சின்ன, ஏழை நாடு அதை யோசித்திருக்கிறது. அந்த மக்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது.

செனகல் நாட்டு உஸ்மான் செம்பேன் 1968-இல் எடுத்த 'மண்டாபி' படத்தைப் பேத்தி தேடி வைத்திருக்கிறாள். செம்பேன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், நாவலாசிரியர். எழுத்து வாசிக்கத் தெரியாத தன் ஜனங்களுக்காகவே சினிமாவுக்கு வந்தவர். படமோ, பாரீஸிலிருந்து வந்த மணியார்டரைக் கைக்கு வாங்க ஒருவர் அலையாய் அலைகிற கதை. உன் அப்பா தபால்காரராக இருந்தவர், அதனால் உன்னை விட்டுப் பார்க்க மனம் வரவில்லை. ஆடிக்கு ஊருக்கு வருவாய் அல்லவா, அதுவரை பொறுத்திருக்கிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
சொக்கு